பன்னிரண்டு வோல்ட்

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்தபோது எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். முன்வாசல் அண்ணனுக்கு, பக்கவாசல் தம்பிக்கு. பாத்திரம், கட்டில், பீரோ எதிலும் தகராறு இல்லை. ஒரே ஒரு ரேடியோவில்தான் வந்தது.

அதை ரேடியோ என்று சொன்னால் இரண்டு பேருக்கும் முகம் சுருங்கும். அது ரிசீவர். தொலைதூரத்துச் சிற்றலையைப் பிடிப்பதற்காக ராணுவத்துக்கென்று செய்தது. கழித்துப் போட்ட சாமான்களின் ஏலத்தில், பாகம் பிரிப்பதற்குப் பதினாலு வருஷம் முன்னால், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. சாம்பல் பச்சை பூசிய இரும்புப் பெட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருகு. அதைப் பத்துச் சுற்று சுற்றினால்தான் முள் ஒரு விரற்கடை நகரும். உள்ளே பதினான்கு கண்ணாடி வால்வுகள். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பெட்டி தனியாக இருந்தது. தடித்த கேபிள் ஒன்று இரண்டையும் சேர்க்கும். ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பு.

"மூத்தவன்கிட்டதான் இருக்கணும்" என்றார் அண்ணன். தம்பி குனிந்து கேபிளைக் கழற்றினார். பவர் பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு பதினோரு வருஷம் நின்றது.

நான் அப்போதே மாடியில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாடிப்படி இரண்டு வாசலுக்கும் பொதுவாக அமைந்துவிட்டதால், தூது போகிற வேலை தானாக என் தலையில் விழுந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கச்சேரி முடிந்தால் உறைக்குள் போய்விடும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

"சார், தொட்டி நிரம்பி வழியுது. மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க அவனை."

"அவரே எதிர்லதானே நிக்கிறார்?"

"நீங்க சொல்லுங்க சார்."

நான் திரும்பி, ஆறடி தள்ளி நிற்கிற தம்பியிடம் சொல்வேன். "நிறுத்திட்டேன்னு சொல்லுங்க" என்பார் அவர். அதையும் சொல்வேன். வெட்கம் எனக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய மனைவிமார் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மணிக்கணக்கில் பேசுவார்கள். கீழே இறங்கினால் அவர்களும் ஊமை.

தெருவில் அண்ணனுக்குப் பெயர் பல்செட்டு. தம்பி, லிஃப்ட்டு. அண்ணன் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பவர். முன்னறைதான் பட்டறை. பாரிஸ் சாந்தில் எடுத்த ஈறு அச்சுகள் அலமாரி முழுக்க வாயைப் பிளந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிற தபால்காரர்கள் எல்லாம் முதல் நாள் ஒரு அடி பின்வாங்கியிருக்கிறார்கள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நாலு பேர் மாட்டிக்கொண்டால், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடவேண்டிய உத்தியோகம்.

பாகம் பிரித்த மறுமாதமே அண்ணன் தன் பாதியைப் பிரித்துப் போட்டு வேலையை ஆரம்பித்தார். அந்தப் பொறுமையை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். மெழுகு பூசிய பழைய கன்டென்சர்கள் உருகி ஒழுகியிருந்தன. ஒவ்வொன்றையும் கழற்றி, அட்டைக் கூட்டுக்குள் இருந்ததைச் சுரண்டி எடுத்து, கடுகு போன்ற புதிய கன்டென்சரை உள்ளே வைத்து, மறுபடி மெழுகு ஊற்றி மூடினார். பல்செட் கட்டுகிறவருக்கு மெழுகு வேலை சொல்லித்தர வேண்டுமா? சுவிட்சுகளின் இடுக்கில் இருந்த பச்சைக் களிம்பைப் பல் நோண்டும் கொக்கியால் சுரண்டினார். உடைந்துபோன ஒரு குமிழுக்குப் பல் பிசினிலேயே அச்சு எடுத்துக் கறுப்படித்து மாட்டினார். மற்ற ஏழு குமிழும் எது, இது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"மாத்துனது தெரியக் கூடாது சார். பல்லுலயும் சரி, இதுலயும் சரி. வாயைத் தொறந்தா 'அட, கட்டுன பல்லா'ன்னு ஒருத்தன் கேட்டுட்டா நான் தொழிலை விட்டுடணும்" என்பார்.

பவர் பெட்டி இல்லையே? அதற்கு ஒரு வழி செய்தார். மூடிவிட்ட தியேட்டர் ஒன்றின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். ஒரு மழை நாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். ரிசீவரைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, டார்ச் அடிக்க என்னைக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் அந்த ரகசியம் எனக்குத் தெரிந்தது.

"ஒவ்வொரு வால்வும் சூடேற ஆறு வோல்ட் போதும் சார். ராணுவத்துல ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து, பன்னெண்டுக்குப் போட்டிருக்கான். அந்தப் பெட்டி குடுக்கிறது பன்னெண்டு. என் டிரான்ஸ்ஃபார்மர் குடுக்கிறது ஆறு. அதனால ஜோடியைப் பிரிச்சு எல்லாத்தையும் ஆறுக்கு மாத்திட்டேன்."

"அப்ப அந்தப் பழைய பெட்டியை இதுல மாட்டினா?"

"மாட்டக் கூடாது. மாட்டினா பதினாலும் பொசுங்கிடும்." டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். புதிய ஒயர்களின் மேல் பழைய துணிக் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. முக்கியமா, அங்க."

செட் பேசியது. நான் கேட்டேன். எங்கோ ஒரு கப்பலுக்கு வானிலை சொல்கிற குரல். தெரியாத பாஷையில் ஒரு பெண் எண்களை வாசித்துக்கொண்டே போனாள். ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஊங்கென்று ஒரு முனகல் விடாமல் வந்தது. "டிரான்ஸ்ஃபார்மர் முனகுது. அந்தப் பெட்டின்னா இது இருக்காது. தண்ணி மாதிரி இருக்கும்" என்றார். ஆசையைச் சொன்ன அதே வாயால், "ஒரு ஸ்க்ரூகூட மாத்தாம அப்படியே வெச்சிருக்கேன், அவன் பெட்டி இல்லாமலே பேசுதுன்னு போய்ச் சொல்லுங்க" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாத்த மாட்டான். அவனுக்குப் பழசுன்னா அப்படி" என்றார். சொன்னதில் ஏளனம் இல்லை. அண்ணனைப் பற்றிய பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். அந்தப் பொய்யை இத்தனை வருஷத்தில் ஒரு ஐம்பது தடவை நான் சுமந்துகொண்டு போயிருப்பேன்.

இந்த வருஷம் தம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகள் வேறு ஊரில் வீடு கட்டிக் கூப்பிட்டாள். தன் பாதி வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போவதாக முடிவாயிற்று. மொட்டை மாடியில் இரண்டு பெண்களும் அழுத அழுகையில் துணி காயவே இல்லை. அண்ணனின் மனைவி ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார். பத்து நாளில் வேன் வருகிறதாம்.

"பேசாமலேயே போயிட்டா அவ்வளவுதான் சார். அறுபது வயசுக்கு மேல ரெண்டும். இனிமே எங்க, எப்ப பாத்துக்கப் போறாங்க? நீங்க ஏதாவது பண்ணுங்க."

"நான் சொன்னா கேக்கவா போறாங்க?"

"அந்தப் பாழாப்போன பெட்டியை வெச்சுப் பேசுங்க. அதுன்னா ரெண்டுக்கும் காது நீளும்."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். ஆனால் யாராவது லேசாகத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. தம்பியிடம் போய், "அந்தப் பவர் பெட்டியை அங்கே கொண்டுபோய் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வேன். அன்னைக்குப் பதினோரு மணிக்கு நானே எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுங்க. ஒரு தடவை ரெண்டையும் சேத்துக் கேட்டுட்டுப் போறேன்" என்றார்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தி கீழே விழுந்தது. "வர்றேன்னானா? இந்த வாசல் வழியாவா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "சார், ஒயரிங்கைப் பழையபடி பன்னெண்டுக்கு மாத்தணுமே."

"மாத்திடுங்க. இல்லேன்னா உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்றதா? நல்ல கதை. ரெண்டு மணி நேர வேலை. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள ஒரு பல்செட்டைக் குடுத்தாகணும். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் உக்காந்தா ஒம்பது மணிக்குள்ள முடிச்சுடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மழை வலுப்பதற்குள் போய்விடலாம் என்று வேன்காரர் காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எட்டு மணிக்கு, நான் படியிறங்கிக்கொண்டிருக்கும்போது, தம்பி பவர் பெட்டியைத் தோளில் வைத்தபடி முன்வாசலில் நின்றார். பின்னால் அவர் மனைவி குடை பிடித்துக்கொண்டு. உள்ளே ஒயரைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது.

"வா தம்பி, வா" என்று அண்ணனின் மனைவி ஓடிவந்தார். அண்ணன் எழுந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றார். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியை இறக்கினார். பதினோரு வருஷத்தில் இரண்டு பேருக்கும் மயிர் நரைத்திருந்ததை, தினம் பார்த்தும், அன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

"டீ போடட்டுமா?" என்றார் அந்தம்மா.

"போடுங்க அண்ணி. வேன் நிக்குது, சீக்கிரம்." தம்பியின் கண் சால்டரிங் அயர்ன் மேல் போனது. "என்ன வேலை?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். பழக்கதோஷம். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார். "சும்மா. தூசி தட்டலாம்னு."

"தூசி தட்டவா அயர்ன்?" தம்பி சிரித்தார். மூடி திறந்திருந்த ரிசீவரைக் குனிந்து பார்த்தார். விரலால் தொடாமல் ஒவ்வொரு வால்வாக எண்ணினார். மெழுகு பூசிய கன்டென்சர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்படியே இருக்கே. குமிழ்கூட." அண்ணன் செய்து மாட்டிய குமிழின் மேல்தான் கை வைத்திருந்தார். "உள்ள ஒயரிங் எதையும் தொடலியே?"

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அண்ணன் கேபிளைக் கையில் எடுத்து, அதன் நுனியைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நானா? ஒரு ஸ்க்ரூகூட இல்ல."

"கேட்டிருக்கவே கூடாது" என்றார் தம்பி. எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவன்கிட்ட எனக்கு எத்தனையோ கோவம் உண்டு சார். ஆனா இவன் எதையும் மாத்த மாட்டான். நான்தான் வேலை, வீடு, ஊர்னு எல்லாத்தையும் மாத்திட்டு ஓடுறேன். இங்க ஒண்ணாவது வெச்ச எடத்துல இருக்குன்னு நெனச்சா ஒரு தெம்பு."

இதற்குப் பிறகு எந்த மனுஷன் உண்மையைச் சொல்வான்? சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். அவர் உதடு ஒரு தடவை பிரிந்து மூடியது. "இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமா? மழையா இருக்கு. ஏரியல் நனைஞ்சிருக்கும்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"இன்னொரு நாள் எங்க இருக்கு?" என்று தம்பி கேபிளை வாங்கி மாட்டினார். திருகி இறுக்கினார். "நீயே போடுண்ணா."

அண்ணா என்ற வார்த்தை அந்த அறையில் விழுந்தது. டீத் தம்ளர்களோடு வந்த அந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். நானாவது தடுத்திருக்கலாம். "கொஞ்சம் இருங்க" என்று இரண்டே வார்த்தை. பதினோரு வருஷமாக அடுத்தவர் வார்த்தையைச் சுமந்தே பழகியவனுக்குச் சொந்தமாக ஒன்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் சுவிட்சைப் போட்டார்.

பதினான்கு வால்வுகளும் எரிந்தன. என் கண்ணுக்குப் பழக்கமான மங்கிய சிவப்பு இல்லை. மஞ்சளாகி வெள்ளையாகி, மூடியின் அடிப்பக்கமெல்லாம் வெளிச்சம். "அய்யோ, என்ன அழகு!" என்றார் தம்பியின் மனைவி. ஸ்பீக்கரில் ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. அதற்குள் ஏதோ ஒரு குரல், முனகல் இல்லாமல், ஒரு வார்த்தை பேசத் தொடங்கியது. அவ்வளவுதான். ஓரத்தில் ஒன்று அணைந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அரை நிமிஷத்தில் எல்லாம் இருட்டு. சூடான தூசி நாற்றம் வந்தது. தம்பி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

தம்பி பவர் பெட்டியைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். அண்ணனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அண்ணனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் பெட்டிதாண்ணா. கட்டிலுக்குக் கீழ கெடந்து ஈரம் ஏறியிருக்கும். ஜாஸ்தியா விட்டுடுச்சு. நான் அன்னைக்கு அதை எடுத்துட்டுப் போனதே தப்பு. மன்னிச்சுக்கோ."

அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு அண்ணன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"போகட்டும் விடுடா. வால்வுதானே. தேடினா கெடைக்கும்."

பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, அதையே தம்பிக்குப் பரிமாறவும் செய்தார். இரண்டு பெண்களும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். டீ குடித்தார்கள். ஊருக்குப் போனதும் பழைய சாமான் கடைகளில் வால்வு தேடி அனுப்புவதாகத் தம்பி சொன்னார். அண்ணன் அதற்கும் தலையாட்டினார். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். பவர் பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தம்பி எழுந்தார்.

வேன்வரைக்கும் நான் குடை பிடித்துக்கொண்டு போனேன். மனசு கேட்கவில்லை. "அந்தப் பெட்டி மேல தப்பு இருக்காதுங்க. நீங்க அதை நெனச்சு வருத்தப்படாதீங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"தெரியும் சார்" என்றார் தம்பி. "காலையில ஆறு மணிக்கு மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். பன்னெண்டரை. முள்ளு அதுக்கு மேல அசையல."

நான் நின்றுவிட்டேன். "அப்ப எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?"

"அவன் எதையோ மாத்தியிருக்கான். எரிஞ்சப்பதான் எனக்குப் புரிஞ்சது. மொகத்தைப் பாத்தேன், பாவமா இருந்தது." மழைக்குக் குனிந்து முன்சீட்டில் ஏறினார். மடியில் ஒரு பையை வாங்கி வைத்துக்கொண்டார். "பதினோரு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்துக்கிட்டிருந்தான். நமக்கும் சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சொல்லியாச்சு."

வேன் போனதும் திரும்பி வந்தேன். அண்ணன் ரிசீவர் முன்னால் உட்கார்ந்து, செத்துப்போன வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணான்னு கூப்பிட்டான், கேட்டீங்களா சார்? பாவம், மனசு ஒடைஞ்சு போயிட்டான். அந்தப் பெட்டியை நெனச்சுக்கிட்டே போவான்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். தம்பி அப்படித்தான் விரும்பியிருப்பார். ஆனால் இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கம் சேர்க்காமல் விட்டவன் இல்லை நான். அந்தப் பக்கத்து வார்த்தையை இந்தப் பக்கமும்தான்.

"காலையிலேயே மீட்டர் வெச்சுப் பாத்தாராம். பன்னெண்டரைதான் வந்துதாம்."

அவர் கை நின்றது. கையிலிருந்த வால்வை வைக்க இடம் தேடுகிறவர்போல மேஜையைப் பார்த்தார். அந்தம்மா தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"தெரிஞ்சேவா கேட்டான்?"

"ஆமா."

"தெரிஞ்சே" என்றார் மறுபடி. தூறல் ஜன்னல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அவனுக்குப் போன் போடு" என்றார் மனைவியிடம். அவரிடம் தம்பியின் நம்பர் இல்லை. அந்தம்மா மனப்பாடமாக அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணி" என்றது தம்பியின் குரல். பின்னால் வேன் இரைச்சல்.

"அண்ணி இல்லடா. நான்." போன் பக்கம் குனிந்தார். "நான்தாண்டா மாத்தினேன்."

அந்தப் பக்கம் வேன் ஜன்னலை ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"ஆறுக்கா?"

"ஆமா."

"அந்தப் பெட்டி இல்லாததாலயா?"

"ஆமாண்டா."

"நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணா" என்றார் தம்பி. "சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்."

அண்ணன் கையிலிருந்த வால்வைப் பஞ்சின்மேல் வைத்தார். அந்தம்மா என்னைப் பார்த்தார்; நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் நின்று கேட்டேன். யாரும் பேசவில்லை. வேன் ஓடுகிற சத்தம் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரில் ஒருவரும் போனை வைக்கவில்லை.